பழைய பைபர் படகு வாங்கிய கணக்கு

மல்லி, மிளகாய் மூட்டை விற்பவனுக்கும் விசைப்படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2017-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தம் கொட்டகையில் நாற்பது வருடப் பழைய பைபர் படகு ஒன்றைப் பிரித்துப் போட்டுச் செப்பனிட்டுக் கொண்டிருந்தார். கடையும் கல்லாவும் இல்லாமல் கை அரித்துக் கிடந்த எனக்கு மாலையில் அங்கே போய் நிற்பதே வேலையாயிற்று. அங்கே கண்டதை எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடியும் வரை அந்நாட்டிலும் படகு என்றால் மரம்தான். ஒவ்வொன்றையும் தச்சர் தனித்தனியே இழைத்துச் சேர்க்க வேண்டும். பைபர் வந்ததும் கதை மாறியது. முதலில் ஓர் அச்சு செய்து, உள்ளே மெழுகு பூசுகிறார்கள். அதன்மேல் ஜெல்கோட் என்ற வண்ணப்பூச்சு. அதற்கும் மேல் கண்ணாடி நூல் விரிப்பையும் ரெசினையும் அடுக்கடுக்காக ஏற்றி, இறுகியபின் படகை அச்சிலிருந்து கழற்றுகிறார்கள். ஓர் அச்சில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். சம்பளக்காரனும் படகு வாங்கும் விலை அப்படித்தான் வந்தது.

அதே மாநிலத்தைச் சேர்ந்த டிக் ஃபிஷர் என்பவர் ஹார்வர்டில் தத்துவம் படித்தவர். ரே ஹண்ட் என்ற வடிவமைப்பாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1958-ல் 13 அடி 'பாஸ்டன் வேலர்' படகைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இரண்டு பைபர் ஓடுகளுக்கு நடுவே நுரைப்பொருளை நிரப்பியதால் அது மூழ்காது. மூழ்காது என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்? 1961-ல் அவர் படகில் உட்கார்ந்திருக்கும்போதே அதை நடுவில் ரம்பத்தால் அறுக்க வைத்து, என்ஜின் இருந்த பாதியில் ஏறி ஓட்டிப் போனார். 'லைஃப்' பத்திரிகையில் அந்தப் படங்கள் வந்தன. சரக்கை வாடிக்கையாளர் கண்முன் பிரித்துக் காட்டுபவனுக்கு வேறு விளம்பரம் எதற்கு?

அதே ரே ஹண்ட் வரைந்த இன்னொன்று, அடிப்பகுதி முனையிலிருந்து பின்புறம் வரை ஆழமான 'வி' வடிவில் அமைந்த படகு. மயாமியைச் சேர்ந்த டிக் பெர்ட்ராம் அவ்வடிவில் மரத்தில் ஒரு படகு கட்டி, மனைவியின் செல்லப் பெயரான 'மாப்பி' என்பதையே அதற்கு வைத்து, 1960-ல் மயாமி–நாசா பந்தயத்தில் கொந்தளித்த கடலில் வென்றார். மறு ஆண்டே அவ்வடிவம் 31 அடி பைபர் படகாக விற்பனைக்கு வந்தது. இன்றும் அதைத் தேடிப்பிடித்துப் புதுப்பிப்பவர்கள் உண்டு. பைபர் எவ்வளவு தாங்கும் என்று சரியாகத் தெரியாத அந்த ஆரம்ப காலத்தில், பலர் தாராளமாகவே கனம் வைத்துக் கட்டினார்கள். அதனால் ஓடுகள் இன்றும் உறுதியாக இருக்கின்றன.

ஆனால் ஓடு மட்டும் படகு ஆகாது. பைபர் உளுத்துப் போகாது என்று நாம் நினைப்பது பாதி உண்மை. அநேகப் படகுகளில் என்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். தளத்துக்குள் பிளைவுட்டோ பால்சா மரமோ இருக்கும். அடியில் நீளவாக்கில் தாங்கும் கட்டைகளும் பல படகுகளில் மரமே. போல்ட் போட்ட துளையைப் பசையால் ஒழுங்காக அடைக்காவிட்டால் அந்த வழியே தண்ணீர் இறங்கும். வெளியேற வழி கிடையாது. மரம் ஊறிக் கூழாகும். பனிக்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து அடுக்குகளைப் பிரித்துவிடும். வெளியே ஜெல்கோட் வெயிலில் வெளுத்திருந்தால் பாலிஷ் மருந்தும் மெழுகும் தேய்த்தால் கண்ணாடி போல் ஆகிவிடும். தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய மல்லி மூட்டையின் வாயில் மட்டும் நல்ல சரக்கு வைத்து அனுப்புவதில்லையா, அதே சங்கதிதான்.

நாம் குத்தூசி விட்டுப் பார்க்கிறோம். அங்கே சிறு சுத்தியலின் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென ஒலிக்கும். ஊறிய இடம் 'தொப்' என்று மந்தமாகச் சொல்லும். சந்தேகமிருந்தால் அடித்திருக்கும் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினால் போதும். துருவும் பழுப்புத் தண்ணீரும் வந்தால் பேரத்தை நிறுத்தலாம். பின்பலகை கெட்டிருக்கிறதா என்றறிய என்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்துத் தூக்கி ஆட்டிப் பார்க்க வேண்டும். பலகை அசைந்தால் உள்ளே மரம் இல்லை என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டுக்காரர் இதையெல்லாம் வாங்கிய பிறகுதான் கற்றார். பளபளப்பைப் பார்த்து 4,000 டாலர் கொடுத்துவிட்டார். பின்பலகையில் பழைய சொந்தக்காரர் போட்டு, கழற்றி, வெறுமனே விட்ட துளைகள் ஏழு. உள் ஓட்டை அறுத்ததும் ஈரத் தேயிலைத் தூள் போல் மரம் கொட்டியதை நானே பார்த்தேன்.

செப்பனிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கெட்ட மரத்தைச் சுரண்டி எடுத்து, வாரக்கணக்கில் காயவிட்டு, புதுப் பிளைவுட்டை எபாக்ஸியால் ஒட்டி, மேலே கண்ணாடி விரிப்பு ஏற்ற வேண்டும். அறுத்த விளிம்பைச் செங்குத்தாக விடக்கூடாது. கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாக இழைக்க வேண்டும். கால் அங்குல ஓடு என்றால் மூன்று அங்குலச் சரிவு. பழைய பாலியெஸ்டர் ஓட்டின் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எபாக்ஸியின் மேல் பாலியெஸ்டரை ஏற்றினால் நம்ப முடியாது. எபாக்ஸியில் ரெசினும் கடினமாக்கியும் சொன்ன அளவில் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கை தாராளம் காட்டினால் கடைசி வரை பிசுபிசுப்புதான். தராசு பிடித்த கைக்கு இது எளிதில் புரியும். போல்ட் போடும் துளையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் நிரப்பி, அதற்குள் மறுபடி சரியான அளவில் துளைத்தால் தண்ணீர் மரத்தைத் தொடாது. இழைக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஒருநாள் முகமூடி இல்லாமல் எட்டிப் பார்த்து, இரண்டு நாள் உடம்பெல்லாம் அரிப்பில் கிடந்தேன். மகளிடம் வாங்கிய திட்டு தனி.

கணக்குக்கு வருவோம். விலை 4,000. பொருள்கள் 2,000-க்குள் முடியும் என்றவருக்கு 5,000 ஆயிற்று. பழைய என்ஜின் 6,000. இழுக்கும் வண்டிக்குச் சக்கரமும் பேரிங்கும் 700. ஆக 15,700 டாலர். முடித்து விற்றால் 10,000 போகும் என்று அவரே சொன்னார். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கூலி எங்கே என்று கேட்டேன். சிரித்தார். விற்பதற்காக அவர் வாங்கவில்லை. அது அவர் விருப்பம். ஓட்டுவது மட்டுமே நோக்கம் என்றால், யாரோ செலவழித்து முடித்த படகை அந்த 10,000-க்கு வாங்குவதே லாபம். கூலிக்கு ஆள் வைத்துச் செப்பனிட்டால் இந்தக் கணக்கும் நிற்காது.

நம் கடற்கரை ஊர்களிலும், குறிப்பாக 2004 சுனாமிக்குப் பின், பைபர் படகுகள் பெருகிவிட்டன. கடலோரக் கடைக்காரர்களிடம் பாக்கிக்கு ஈடாகப் படகை எடுத்துக்கொள்ளச் சொல்வோரும் உண்டு. எடுப்பதானால் என்ஜின் மாட்டும் இடத்தில் முதலில் தட்டிப் பாருங்கள். மேல்பூச்சு புதிதாக இருந்தால் இரண்டு தடவை தட்டுங்கள். சத்தம் மந்தமாக இருந்தால், மரம் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டே பாக்கியில் வரவு வையுங்கள்.

மறு கோடையில் அவர் மகளுக்குப் படம் அனுப்பியிருந்தார். படகு தண்ணீரில் நின்றது. பின்பலகைப் பக்கமாகவே எடுத்திருந்தார். ஏழு துளையும் இருந்த சுவடு தெரியவில்லை.