ரோசேசியாவுக்கு மருந்து மாற்றிக் கேட்பது எப்படி?

முகத்தில் இருப்பது ரோசேசியா என்று தெரிந்ததும் பலர் ஒரு மாதம் ஜெல் தடவிப் பார்த்துவிட்டு அலுத்துப்போகிறார்கள். வேறு சிலர் டாக்டர் மாற்றி டாக்டராக அலைகிறார்கள். இந்த நோயோடு நெடுநாள் வாழ்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் வேண்டாம். இது அடியோடு போகிற நோய் அல்ல, ஆனால் அடக்கி வைக்க முடிகிற நோய். ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் அடுத்தது உண்டு. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

1. மருந்தின் பெயரில் தொடங்காதீர்கள், தொந்தரவில் தொடங்குங்கள்.

ரோசேசியாவில் ஒவ்வொரு தொந்தரவுக்கும் மருந்து வேறு. பருவுக்கும் சீழ்க்கொப்புளத்துக்கும் மெட்ரோனிடசோல், அசெலாயிக் ஆசிட், ஐவர்மெக்டின் ஆகிய பூச்சுகள் உண்டு. அதிகமாக இருந்தால் டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள். எந்நேரமும் நிற்கிற சிவப்புக்கு பிரிமோனிடின் ஜெல் போன்றவை இருக்கின்றன. அவை இரத்தக் குழாயைச் சில மணி நேரம் சுருக்கி வைக்கும். மருந்தின் வேகம் தணிந்ததும் சிலருக்குச் சிவப்பு முன்னைவிடக் கூடும். கன்னத்தில் நூல் நூலாகத் தெரியும் இரத்தக் குழாய்களை எந்தக் க்ரீமும் போக்காது, அதற்கு லேசர்தான். அதனால் "மருந்து கேட்கவில்லை" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "பரு குறைந்துவிட்டது, சிவப்பு அப்படியே இருக்கிறது" என்று சொல்லுங்கள். அடுத்த மருந்தை யோசிக்க டாக்டருக்கு அந்த ஒரு வரி போதும்.

2. மருந்துக்கு உரிய நாளைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

பருவுக்கான பூச்சுகள் வேலை செய்ததா என்று சொல்ல எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் போய் மாற்றச் சொன்னால் "தொடர்ந்து போடுங்கள்" என்றுதான் பதில் வரும், அது நியாயமும்கூட. டியூபைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

3. எரிந்தால் நிறுத்திவிட்டு மௌனமாக இருக்காதீர்கள்.

அசெலாயிக் ஆசிட் ஆரம்பத்தில் சுருக்கென்று எரியும். ஈர முகத்தில் தடவினால் இன்னும் எரியும். முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு பட்டாணி அளவு எடுத்து மெல்லியதாகப் பூசுங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்லலாம், ஜெல்லுக்குப் பதில் க்ரீம் எழுதலாம், மருந்தையே மாற்றலாம்.

4. சிவப்பைப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள்.

பஸ்ஸில் வரும்போது தணலாகக் காய்ந்த முகம், டோக்கன் வாங்கி ஏ.சி. அறையில் காத்திருப்பதற்குள் அடங்கிவிடும். டாக்டர் பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. நம்முடைய மாநிற, கறுப்புத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருமையாகவோ பழுப்பாகவோ தெரியும், வெறும் பரு என்று எண்ணிவிடவும் இடமுண்டு. ஆகவே அதே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், வாரம் ஒரு படம் எடுங்கள். முகம் காய்கிறது, எரிகிறது, சோப்பு பட்டால் குத்துகிறது என்பதை வாயாலும் சொல்லுங்கள்.

5. இதுவரை பூசிய எல்லா டியூபையும் மேசையில் வையுங்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சிகப்பழகு க்ரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் பூசினால் அதுவே ரோசேசியா போன்ற சிவப்பையும் பருவையும் கிளப்பிவிடும், நிறுத்தினால் இன்னும் பொங்கும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. நீங்கள் அந்த க்ரீமை மறைத்தால் டாக்டர் எழுதும் எந்த மருந்தும் தோற்றதாகவே தெரியும். திட்டுவார்களே என்று பயப்படாதீர்கள், காட்டுங்கள்.

6. மற்ற மாத்திரைகளையும் சொல்லுங்கள்.

இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் சிலருக்கு முகத்தைச் சிவக்க வைக்கும். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்தவரிடம் பேச வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் கர்ப்ப காலத்துக்கு ஆகாது. கடுமையான ரோசேசியாவுக்குச் சிலசமயம் குறைந்த அளவில் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் கருவுக்குப் பெரும் கேடு.

7. அரைத் தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டமான ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடம்தான். இப்படி எழுதினால் போதும்:

மெட்ரோனிடசோல் ஜெல், இரண்டு வேளை, 12 வாரம்.
பரு பாதி குறைந்தது, சிவப்பு குறையவில்லை.
வெயிலிலும் அடுப்படியிலும் அதிகமாகிறது.
வேறு மருந்து பார்க்கலாமா?

8. மருந்தின் பெயர் தெரிந்திருந்தால் கேள்வியாகக் கேளுங்கள்.

"எனக்கு ஐவர்மெக்டின் க்ரீம் பொருந்துமா, டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. 2015-இல் வெளியான 16 வார ஒப்பீட்டு ஆய்வில் அந்த க்ரீம் பூசியவர்களுக்குப் பருக்கள் ஏறக்குறைய 83 சதவீதமும், மெட்ரோனிடசோல் பூசியவர்களுக்கு ஏறக்குறைய 74 சதவீதமும் குறைந்தன. இரண்டுமே நல்ல மருந்துதான். ஒன்று கேட்காதவர் மற்றதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். விலை கட்டுப்படியாகாது என்றால் அதையும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். வாங்க முடியாத மருந்தால் பயனில்லை.

9. "வேண்டாம்" என்றால் ஏன் என்று கேளுங்கள்.

காரணம் சொல்கிற டாக்டரை விட்டுவிடாதீர்கள். "இன்னும் எத்தனை வாரம் பார்க்கலாம், அப்போதும் குறையாவிட்டால் அடுத்தது என்ன?" என்று கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். முகத்தைப் பாராமலே பழைய சீட்டைத் திருப்பி எழுதுகிறவர் என்றால் இன்னொரு தோல் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. பழைய சீட்டுகளை எடுத்துப் போங்கள்.

10. கண்ணைத் தள்ளிப்போடாதீர்கள்.

கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், இமை வீக்கம், அடிக்கடி கண்கட்டி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம் இவை ரோசேசியாவாலும் வரும். முகப் பூச்சு இதற்கு உதவாது, கவனிக்காவிட்டால் கருவிழி கெடவும் கூடும். கண் டாக்டரிடம் உடனே போங்கள், ரோசேசியா இருப்பதைச் சொல்லுங்கள்.

முகம் உங்களுடையது. அதில் என்ன குறைந்தது, என்ன குறையவில்லை என்று உங்களைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள், அடுத்த மருந்தைக் கேளுங்கள்.