சர்வீஸ் முடிந்த மறுநாளே எரியும் இன்ஜின் விளக்கு

கேள்வி: ஆயில், ஏர் ஃபில்டர் மாற்றி எடுத்து வந்த பெட்ரோல் காரில் மறுநாளே மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேன் செய்ததில் பி0171 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தது. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கோடு சொல்வது கோளாறின் அறிகுறியைத்தான். எந்தப் பாகம் பழுது என்று அது சொல்வதில்லை. பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. சேதி சொன்னவனையே தண்டிப்பானேன்?

சர்வீஸில் கை பட்ட இடங்களை முதலில் பாருங்கள். இன்ஜினை அணைத்து, சூடு ஆறியபின் பானெட்டைத் திறங்கள். ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயை அசைத்துப் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்திருந்தால், காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி கணக்கில் வராத காற்று உள்ளே புகும். கழன்று கிடக்கும் வேக்குவம் குழாயும் இதே வேலையைச் செய்யும். சில கார்களில் ஆயில் மூடியோ டிப்ஸ்டிக்கோ சரியாக அமராவிட்டாலும் போதும். என் சந்தேகம் இவற்றின் மேல்தான்.

இவற்றைப் பார்க்கும் முன் அந்தக் குறியீட்டை அழிக்க விடாதீர்கள். கோளாறு பதிவான நேரத்து வேகம், வெப்பநிலை போன்ற விவரங்களும் அதோடு போய்விடும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால், இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள்; ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். நிலையாக எரிந்தால், சர்வீஸ் செய்த இடத்துக்கே பில்லுடன் போய், அவர்கள் கழற்றி மாட்டியதை உங்கள் முன்னால் சரிபார்க்கச் சொல்லுங்கள்.