ஐ.எஸ்.ஓ. 100ஆ, 1600ஆ?

வீட்டில் பிறந்த நாள் விழா. குழந்தை கேக் வெட்டுவதை பிளாஷ் இல்லாமல் படம் எடுக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் முகம் கலங்கியிருக்கிறது. அல்லது படம் முழுவதும் நிறப் புள்ளிகள் தெளித்தது போல உள்ளது. கேமராவில் கோளாறு என்று எண்ண வேண்டாம். ஐ.எஸ்.ஓ. அமைப்பைச் சற்று கவனியுங்கள்.

பிலிம் காலத்தில், பிலிம் எவ்வளவு குறைந்த ஒளியில் படம் பதியும் என்பதை இந்த எண் காட்டியது. டிஜிட்டல் கேமராக்களுக்கென ஐ.எஸ்.ஓ. 12232 என்ற தர அளவு 1998ல் வெளியானது. இங்கு எண்ணைக் கூட்டினால் சென்சாருக்கு வரும் ஒளி கூடுவதில்லை. அது தரும் சிக்னல்தான் பெருக்கப்படுகிறது. ரேடியோவில் சரியாகக் கிடைக்காத ஸ்டேஷனுக்கு வால்யூமைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் கூடும் அல்லவா? படத்தில் வரும் அந்த இரைச்சலே நாய்ஸ்.

ஐ.எஸ்.ஓ. எண் இரு மடங்கானால், தேவைப்படும் ஒளி பாதியாகும். ஓர் அறையில் 100ல் எடுக்க 1/8 விநாடி தேவை என்று கொள்வோம். லென்ஸ் திறப்பு மாறாவிட்டால்:

ஐ.எஸ்.ஓ. 200 – 1/15 விநாடி
ஐ.எஸ்.ஓ. 400 – 1/30 விநாடி
ஐ.எஸ்.ஓ. 800 – 1/60 விநாடி
ஐ.எஸ்.ஓ. 1600 – 1/125 விநாடி

1/8 விநாடியில் கை நடுங்கினாலும், குழந்தை அசைந்தாலும் படம் கலங்கும். 1/125ல் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

எதற்கு எந்த எண்?

* நல்ல வெயிலில் 100 அல்லது 200.
* நிழல், மேகமூட்டத்தில் 400.
* இரவில் வீட்டிற்குள் 800 முதல் 1600.
* அசையாத பொருள், ட்ரைபாட் இருந்தால் இரவிலும் 100 போதும்.

பல கேமராக்கள் ஆட்டோ நிலையில் இதனை மாற்ற விடாது. டயலை 'பி' நிலைக்குத் திருப்பி, மெனுவில் மாற்றவும்.

குறைந்த எண்ணில் இருட்டாக எடுத்து, பின்னர் கம்ப்யூட்டரில் வெளிச்சமாக்கலாம் என்று எண்ணாதீர்கள். அப்போதும் நாய்ஸ் வெளிப்படும்.

எடுத்த படத்தின் எண்ணை அறிய, விண்டோஸில் பைல் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேப்பைக் கிளிக் செய்திடவும். ஐ.எஸ்.ஓ. ஸ்பீட், எக்ஸ்போஷர் டைம் இரண்டும் அங்கே இருக்கும். ஒரே காட்சியை ஒவ்வொரு எண்ணிலும் எடுத்து, 100 சதவீத அளவில் ஒப்பிட்டால் உங்கள் கேமராவின் எல்லை புரிந்துவிடும்.

நாய்ஸை சாப்ட்வேர் மூலம் ஓரளவு குறைக்கலாம். அசைந்து கலங்கிய முகத்தை மீட்பது மிகக் கடினம். மீண்டும் கிடைக்காத தருணம் என்றால், தயங்காமல் எண்ணைக் கூட்டி எடுங்கள்.