திராட்சைக் கழிவிலிருந்து லாக்டிக் அமிலம்: ஒரு செலவுக் கணக்கு

“மூலப்பொருள்: பண்ணைக் கழிவு. விலை: இல்லை.” திட்ட அறிக்கைகளைப் பரிசீலிக்கும் அலுவலர்களுக்கு இவ்வரி பழக்கமானதே. என் பணிக்காலத்தில் நானும் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கழிவுகளை பாக்டீரியாவின் துணையால் இரசாயனப் பொருள்களாக்கும் தொழில்களில் நட்டம் பெரும்பாலும் இவ்வரியிலேயே வித்திடப்படுகிறது என்பது என் கருத்து. ஒயின் தொழிலின் கழிவைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மகாராஷ்டிர அரசு 2001-இல் திராட்சைப் பதனத் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. நாசிக் மாவட்டம் இன்று இந்திய ஒயின் தொழிலின் தலைமையிடமாக விளங்குகிறது. அங்கு எழும் கழிவுகள் மூன்று. பழம் பிழிந்தபின் எஞ்சும் தோல், விதை, காம்பு அடங்கிய சக்கை ஒன்று. இது பழத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. தொட்டியின் அடியில் படியும் மண்டி மற்றொன்று. மூன்றாவது, கவாத்தின்போது வெட்டி எறியப்படும் கொடிக்குச்சிகள். குளிர்நாடுகளில் ஆண்டுக்கு ஒரு பெருங்கவாத்துதான். தக்காணத்திலோ ஏப்ரலை ஒட்டி ஒன்று, அக்டோபரை ஒட்டி ஒன்று என இரண்டு. எனவே குச்சிகளுக்குக் குறைவில்லை. அவற்றைக் குவித்துத் தீயிடுவதும் வழக்கமே.

இக்குச்சிகளில் என்ன இருக்கிறது? செல்லுலோஸ், லிக்னின் ஆகியவற்றுடன், உலர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹெமிசெல்லுலோஸ் உள்ளது. நீர்த்த கந்தக அமிலத்தில் சூடேற்றினால் ஹெமிசெல்லுலோஸ் சிதைந்து பெரும்பாலும் சைலோஸ் என்னும் சர்க்கரையாகிறது. சாதாரண ஈஸ்ட் இச்சர்க்கரையைத் தொடாது. லாக்டோபாசில்லஸ் பென்டோசஸ் என்னும் பாக்டீரியாவோ இதனை லாக்டிக் அமிலமாகவும் அசெட்டிக் அமிலமாகவும் மாற்றிவிடும். ஸ்பெயின் நாட்டின் வீகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இம்முறையைக் கொடிக்குச்சிகளில் செய்து காட்டினர். விலையுயர்ந்த ஈஸ்ட் சாறுக்குப் பதிலாக, ஒயின் மண்டியையே பாக்டீரியாவுக்கு ஊட்டமாகக் கொடுத்தது அவர்களது சிறப்பு.

இனி, கணக்குக்கு வருவோம். 100 கிலோ உலர்ந்த குச்சியிலுள்ள 20 கிலோ ஹெமிசெல்லுலோஸ் முழுவதும் சர்க்கரையானால் 22 கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கும். சைலோஸ் நொதிக்கும்போது, எடையில் 60 சதவீதம் லாக்டிக் அமிலமும் 40 சதவீதம் அசெட்டிக் அமிலமும் ஆகும். இதற்கு மேல் இயலாது. ஆக, 100 கிலோ குச்சிக்கு லாக்டிக் அமிலம் 13 கிலோ அளவே. ஆலையில் இதுவும் குறையும். தோட்டத்தில் சிதறிக் கிடக்கும் குச்சியைப் பொறுக்கி, நறுக்கி, வண்டியேற்றி ஆலை வாசலில் சேர்க்கக் கிலோவுக்கு 1 ரூபாய் செலவாவதாகக் கொள்வோம். ஒரு கிலோ அமிலத்தின் மீது அது ஏறத்தாழ 8 ரூபாயாக ஏறுகிறது! கரும்புச் சர்க்கரையை நொதிக்கச் செய்தால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அமிலம் கிடைக்கும். இலவசம் எனப்படும் கழிவு, விலை கொடுத்து வாங்கும் சர்க்கரையோடு போட்டியிட வேண்டிய களம் இதுதான்.

சேகரிப்பின் இடர்ப்பாட்டுக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. முதல் உலகப் போரின்போது பிரிட்டனுக்கு வெடிமருந்துக்கான அசெட்டோன் தேவைப்பட்டது. அதனை மக்காச்சோளத்திலிருந்து பாக்டீரியா மூலம் பெறும் வழியை சைம் வைஸ்மன் வகுத்திருந்தார். 1917-இல் தானியம் அரிதாகவே, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு குதிரைச் செஸ்நட் கொட்டைகளைத் திரட்டினர். ஆயினும் போக்குவரத்துக்கு வழியின்றிக் குவியல்கள் இரயில் நிலையங்களிலேயே அழுகின. ஆலையை அடைந்தவையும் நல்ல விளைச்சல் தரவில்லை.

ஆகவே, கழிவு தானே வந்து குவியும் இடத்திலிருந்து தொடங்குவதே முறை. கரும்புச் சக்கை ஆலைக்குள்ளேயே விழுகிறது. மண்டியும் பிழிசக்கையும் ஒயின் கூடத்திலேயே கிடைக்கின்றன. ஈரமான சக்கை சில நாட்களில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், அறுவடை மாதங்களுக்கு அப்பாலும் ஆலை ஓட வேண்டுமாயின் சேமிப்புக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மண்டியிலிருந்து முதலில் டார்டாரிக் அமிலத்தைப் பிரித்துவிட்டு, எஞ்சியதை ஊட்டமாக்கலாம். குச்சிகளை அருகிலுள்ள தோட்டங்களிலிருந்து மட்டும், உழவருக்கு விலை கொடுத்தே பெறுதல் நன்று. அமிலத்துக்குப் பயன்படாத பகுதி கொதிகலனுக்கு எரிபொருளாகும்.

அமிலத்தைப் பிரித்தெடுக்கும் செலவும் சிறிதன்று. நொதித்தலின்போது புளிப்பைத் தணிக்கச் சுண்ணாம்பும், பின்னர் அமிலத்தை மீட்கக் கந்தக அமிலமும் சேர்க்கிறார்கள். ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சம் எஞ்சுகிறது. மேலும் இப்பாக்டீரியா தருவது இடவகை, வலவகை இரண்டும் கலந்த அமிலம். மக்கும் பிளாஸ்டிக் செய்வோர் ஒரே வகையான தூய அமிலத்தையே விரும்புவர். எனவே அந்தச் சந்தையின் விலையை வருவாய்ப் பத்தியில் எழுதியுள்ள அறிக்கையை, எந்த பாக்டீரியா என்று கேட்டுத் திருப்பியனுப்புவதே பொருந்தும். ஜிப்சம் களர்நிலச் சீர்திருத்தத்துக்கு உதவும். அதற்கு முன் அதன் தூய்மையைச் சோதித்து, ஏற்றிச் செல்லும் கட்டணத்தை யார் தருவது என்பதையும் அறிக்கையிலேயே குறிப்பிட வேண்டும்.