சாப்பிடப் போனோம், பாடம் படித்து வந்தோம்



நம் கூட்டமைப்பில் பல குழுக்கள் இட்லிக் கடை, கேன்டீன், விசேஷங்களுக்குச் சமையல் என்று உணவுத் தொழில் செய்கின்றன. இந்த மாதப் பாடம் அவர்களுக்கானது. தொழில் செய்யாதவர்களும் படிக்கலாம். நாம் எல்லோருமே என்றாவது ஒரு நாள் ஹோட்டலில் உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள்தானே!

பிரச்சனை எங்கே ஆரம்பித்தது?

செங்கல்பட்டு மாவட்டத்தில் நம் குழு ஒன்று கேன்டீன் நடத்துகிறது. வங்கிக் கடன் வாங்கி அடுப்பு, பாத்திரம், பெஞ்சு எல்லாம் போட்டார்கள். மாதத் தவணை 3,500 ரூபாய். ஆரம்பத்தில் காலை டிபனுக்கு 40 பேர் வந்தார்கள். ஆறு மாதத்தில் அது 24 ஆகிவிட்டது. இரண்டு தவணை தவறியது. சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. சண்டையும் வந்தது.

ஆள் ஏன் குறைந்தது என்று நாங்கள் கேட்டோம். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். “எதிர்ல புதுசா கடை போட்டுட்டாங்க.” “விலைவாசி ஏறிப்போச்சு.” “மழைக்காலம் இல்லீங்களா, அதான்.” ஒருவர்கூட, “சாப்பிட வர்றவங்ககிட்ட கேட்டோம், அவங்க இப்படிச் சொன்னாங்க” என்று சொல்லவில்லை.

அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. இத்தனை நாள் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஒரு நாள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தால் என்ன? ஊக்குநரும் நான்கு உறுப்பினர்களும் எங்களில் ஒருவருமாக ஆறு பேர் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போனோம். சென்னைக்குள் நுழையும் புறநகர் அது. ரயிலடியைச் சுற்றி டீக்கடை முதல் ஏ.சி. ஹோட்டல் வரை எல்லாம் உண்டு. மூன்று இடங்களில் சாப்பிடுவது, பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பும்போது பேசுவது என்று தீர்மானம்.

பாடம் 1: “வாங்க” என்ற ஒரு சொல்

முதலில் ஒரு சின்ன மெஸ். நாலே மேஜை. கல்லாவில் இருந்த அம்மா எங்களைப் பார்த்ததும், “வாங்கம்மா, உள்ள காத்தாட உக்காருங்க” என்றார். உட்கார்ந்த உடனே தண்ணீர் வந்தது. பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

எங்களுடன் வந்த ஒரு சகோதரி வாசலிலேயே தயங்கி நின்றார். கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போனோம். திரும்பும்போது அவர் சொன்னார்: “எங்க ஊர் டீக்கடையில எங்க தெருக்காரங்க வெளியில நின்னுதான் குடிப்போம். உள்ள பெஞ்சுல உக்கார விடமாட்டாங்க. ஒரு கடையில என்னை ‘வாங்க’ன்னு கூப்பிட்டது இன்னிக்குத்தான்.” ரயிலில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்வோம். சாதி, மதம், பால் வேற்றுமை காட்டி ஒருவரைக் கடைக்குள்ளோ ஹோட்டலுக்குள்ளோ வரக்கூடாது என்று தடுப்பதற்கு நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு இடம் தரவில்லை. தனி டம்ளர், தனி இடம் வைப்பது 1955-ஆம் வருடச் சட்டத்தின்படியே தண்டனைக்குரிய குற்றம். நம் குழுக் கடையில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே டம்ளர், ஒரே “வாங்க.” இதில் பேச்சுக்கே இடமில்லை.

பாடம் 2: காக்க வைத்தால் சொல்லிவிடுங்கள்

அடுத்தது பெரிய ஏ.சி. ஹோட்டல். ஆறு தோசை சொன்னோம். கால் மணி நேரம் ஆயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று. எங்களுக்குப் பின்னால் வந்த மேஜைக்கு வந்துவிட்டது, எங்களுக்கு வரவில்லை. “தம்பி, எங்க தோசை?” என்று கேட்டால், “வருதும்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார் சர்வர்.

“நம்ம சேலையப் பார்த்துட்டுத்தான் லேட் பண்றாங்களோ?” என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். உண்மையில் அடுப்பில் கூட்டமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் காக்க வைத்தால், சாப்பிட வந்தவர் மனது இப்படித்தான் நினைக்கும். “கல்லுல கூட்டம், பத்து நிமிஷம் ஆகும், அதுக்குள்ள இட்லி தரட்டுமா?” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்களுக்குக் கோபமே வந்திருக்காது. முதலில் வந்தவருக்கு முதலில் பரிமாற வேண்டும். இது வீட்டுப் பந்தியிலேயே நமக்குத் தெரிந்த மரியாதைதான்.

பாடம் 3: பில்லைப் படியுங்கள்

பில் வந்தது. தோசை 75 வீதம் ஆறுக்கு 450. தண்ணீர் பாட்டில் 30. ஆக 480 ரூபாய். அதன் கீழே ‘சேவைக் கட்டணம் 10 சதவீதம், 48 ரூபாய்’ என்று இருந்தது. அதையும் சேர்த்து 528-க்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டு மொத்தம் 554 ரூபாய் 40 காசு.

சேவைக் கட்டணம் என்பது அரசு வரி இல்லை. ஹோட்டல்காரர் தானாகச் சேர்ப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. எந்த ஹோட்டலும் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சர்வருக்கு விருப்பப்பட்டு நாம் கொடுக்கும் டிப்ஸ் வேறு, இது வேறு.

ஊக்குநர் எழுந்து கல்லாவுக்குப் போனார். குரலை உயர்த்தவில்லை. “சார், இந்தச் சேவைக் கட்டணத்தை எடுத்துட்டுப் பில் குடுங்க” என்று மட்டும் கேட்டார். கல்லாக்காரர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார். புதுப் பில் 504 ரூபாய். மிச்சம் 50 ரூபாய் 40 காசு. கேட்காமல் இருந்திருந்தால் அது போயிருக்கும்.

ஜி.எஸ்.டி. பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம். மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை என்று பில்லில் பிரித்துக் காட்டியிருக்கும். வரி வாங்கும் கடையின் பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று ஆரம்பிக்கும். எண் இல்லாமல் வரி மட்டும் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் பலரும் தவறாக நினைக்கிறார்கள். பெட்டிக் கடையிலோ மளிகைக் கடையிலோ பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் உட்கார்த்திப் பரிமாறும் ஹோட்டல்களுக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனவே ஹோட்டலில் உட்கார்ந்ததும், “பாட்டில் வேண்டாம், சாதா தண்ணி குடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் சொல்லாமல் விட்டோம், 20 ரூபாய் பாட்டிலுக்கு 30 கொடுத்தோம்.

பாடம் 4: சாப்பிடுகிறவர் கண் எங்கே போகிறது?

மூன்றாவதாக ரயிலடி டீக்கடை. டீ நன்றாகவே இருந்தது. ஆனால் ரயிலில் பேசியபோது டீயைப் பற்றி யாரும் பேசவில்லை. மேஜை துடைத்த அழுக்குத் துணி, வடை மடித்துக் கொடுத்த செய்தித்தாள், கறுத்துப்போன எண்ணெய், இவற்றைத்தான் எல்லோரும் சொன்னார்கள். நம் கேன்டீனில் இந்த மூன்றும் இல்லையா? மனசாட்சியோடு பட்டியல் போட்டோம்:

1. செய்தித்தாளில் உணவை மடிக்கக் கூடாது. அச்சு மை உடம்புக்குக் கெடுதல். 2018-ஆம் வருட உணவுப் பாதுகாப்பு விதிகளே இதைத் தடை செய்கின்றன. வாழை இலை, மந்தாரை இலை போதும்.
2. பார்சலுக்கு பிளாஸ்டிக் பை, இலைக்குப் பதில் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எதுவும் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. வீட்டிலிருந்து தூக்கு கொண்டு வருகிறவருக்கு ஒரு கரண்டி சாம்பார் அதிகம் ஊற்றுங்கள்.
3. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். நிறம் கறுத்தாலோ, நுரைத்தாலோ, புகைந்தாலோ கொட்டிவிடுங்கள்.
4. சூடானது கை பொறுக்காத சூட்டில் இருக்கட்டும். வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மதியத்துக்கு ஆகாது.
5. கை கழுவும் இடத்தில் சோப்பு. பெண்கள் சாப்பிட வரும் இடத்தில் கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை.
6. எவ்வளவு சின்னக் கடையானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். கிடைக்கும் 14 இலக்க எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள்.

பாடம் 5: குறை சொல்கிறவர் நமக்கு வேண்டியவர்

இதுதான் முக்கியமான பாடம். முதலில் போன மெஸ்ஸில் சட்னி லேசாகப் புளித்திருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னோம். அந்த அம்மா கோபப்படவில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “ஆமாம்மா, போயிடுச்சு. நல்லவேளை சொன்னீங்க” என்று சொல்லி, எல்லா மேஜையிலிருந்தும் அந்தச் சட்னியை எடுத்துவிட்டு வேறு வைத்தார். ஏ.சி. ஹோட்டலில் சாம்பார் ஆறிப்போய் இருக்கிறது என்றதற்குக் கிடைத்த பதில்: “எல்லாரும் இதத்தாம்மா சாப்பிடறாங்க.”

மறுபடி எங்கே போவீர்கள் என்று கேட்டோம். ஆறு பேரும் மெஸ்ஸுக்குத்தான் என்றோம். புளித்த சட்னி கொடுத்த மெஸ்ஸுக்கு!

அப்போது கேன்டீனில் பரிமாறும் சகோதரி தலை குனிந்தபடி சொன்னார்: “ரெண்டு மாசம் முன்னாடி ஒரு வாத்தியார் சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு சொன்னாரு. வேலை நெருக்கடியில நான், ‘அப்படின்னா வீட்லயே சாப்பிட வேண்டியதுதானே’ன்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் பேசல. கை கழுவிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் வரல. அவர்கூட வந்தவங்களும் வரல.”

ரயிலிலேயே கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்:

ஒருவர் காலை டிபன்: 40 ரூபாய்
அதில் செலவு போக மிச்சம்: 10 ரூபாய்
மாதம் 22 நாளுக்கு ஒருவரால் மிச்சம்: 220 ரூபாய்
நின்றுபோனவர்கள் 16 பேர்: 220 × 16 = 3,520 ரூபாய்

தவணை எவ்வளவு? 3,500 ரூபாய்! வழக்கமாக வந்த பதினாறு பேர் போனார்கள், தவணையும் அவர்களோடு போய்விட்டது. எதிர்க் கடைக்காரர் எடுத்துப் போகவில்லை. நாமேதான் அனுப்பி வைத்தோம்.

பிறகு என்ன செய்தார்கள்?

திரும்பியதும் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். விலைப் பலகை எழுதி மாட்டினார்கள். தினமும் பரிமாறும் முன் இரண்டு பேர் ருசி பார்ப்பது என்று முறை வைத்தார்கள். கல்லா மேஜையில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்தார்கள். குறை இருந்தால் எழுதலாம். எழுத நேரம் இல்லாதவர் சொன்னால் கல்லாவில் இருப்பவர் எழுத வேண்டும். வாரக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்குக்கு அடுத்து அந்த நோட்டைப் படிக்க வேண்டும்.

அந்தச் சகோதரி தானே போய் வாத்தியாரைப் பார்த்தார். “அன்னிக்கு நான் பேசுனது தப்பு சார்” என்று சொன்னார். யாரும் போகச் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் வந்தார். “உப்பு சரியா இருக்கா சார்?” என்று கேட்டதற்கு, “இன்னிக்குக் கொஞ்சம் கம்மி” என்றாராம். நோட்டில் முதல் பக்கத்தில் அதுதான் எழுதியிருக்கிறது.

இப்போது காலையில் 33 பேர் வருகிறார்கள். இந்த மாதத் தவணை கட்டியாகிவிட்டது. பழைய பாக்கியில் ஒன்று இன்னும் இருக்கிறது. சேமிப்பில் கை வைக்கவில்லை.

2013-இல் சென்னையில் அம்மா உணவகங்கள் தொடங்கியபோது, ஒரு ரூபாய் இட்லியை அவித்துப் பரிமாறியது நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். சமையல் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சாப்பிடுகிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

குழுவில் பேசுவோம்

1. கடைசியாக ஹோட்டலில் சாப்பிட்டபோது உங்களுக்குப் பிடிக்காதது என்ன? அதைச் சொன்னீர்களா? ஏன் சொல்லவில்லை?
2. நம் ஊர் டீக்கடையில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார முடிகிறதா? இல்லை என்றால் குழு என்ன செய்யலாம்?
3. நம் குழுக் கடைக்கு வருவதை நிறுத்தியவர்கள் யார் யார்? பெயர் எழுதுங்கள். யார் போய்ப் பார்ப்பது?

நினைவில் வையுங்கள்: பில்லில் ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். புகாருக்கு அதுதான் முக்கிய ஆதாரம்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுங்கள், இந்தப் பக்கத்தில் போடுவோம்.