குன்றின் மேல் கிவி

இங்கிலாந்தில் பல்போர்டு என்னும் ஊரின் மலைச்சரிவில் பிரம்மாண்டமான வெள்ளைப் பறவை உருவம் ஒன்று இருக்கிறதாமே. அதைச் செய்தவர்கள் யார்? நூறாண்டாகியும் புல் மூடாதது எப்படி?

அது கிவிப் பறவை. செய்தவர்கள் நியூசிலாந்துச் சிப்பாய்கள். முதல் உலக மகாயுத்தம் முடிந்தும் தாயகம் திரும்பக் கப்பல் கிடைக்காமல், ஸ்லிங் என்னும் பயிற்சி முகாமில் காத்துக்கிடந்து, பொறுமையிழந்து, 1919 மார்ச்சில் கலகமே செய்துவிட்ட அவ்வீரர்களின் கைகளுக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்று அதிகாரிகள் எண்ணியதன் விளைவாக, முகாமுக்கு மேலிருந்த குன்றில் புற்பரப்பைப் பெயர்த்து, அடியிலுள்ள வெண்சுண்ணப் பாறையை வெளிப்படுத்தி, சுமார் 420 அடி நீளத்துக்கு அவ்வுருவத்தை அமைத்தார்கள். அலகு மட்டுமே 150 அடி! வீட்டை நினைத்து ஏங்கிய மனிதர்கள், யுத்த சின்னம் எதையும் நாடாமல், பறக்கத் தெரியாத தம் நாட்டுப் பறவையைத் தேர்ந்தெடுத்தது என் நெஞ்சை உருக்குகிறது.

தாங்கள் ஐயுற்றது நியாயமே. புல் சும்மா விடுவதில்லை. ஓரங்களைச் செதுக்கி, களை பறித்து, புதிய சுண்ணக்கல்லைக் கொட்டிப் பரப்பினால்தான் வெண்மை நிலைக்கும். கிவி என்ற அதே பெயர் கொண்ட பூட்ஸ் பாலிஷ் கம்பெனி பல வருஷங்கள் அதன் பராமரிப்புக்கு உதவியது. பின்னர் கவனிப்பாரின்றிப் புல்பூண்டு மண்டிக் கிடந்ததை 1980-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் சிக்னல் படையினர் மீட்டார்கள். 2017-இல் அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற புராதனச் சின்னமாயிற்று.