பள்ளிகளில் தேயும் இசைக்கல்வி

இயல், இசை, நாடகம் என முத்தமிழ் கண்டது நம் மொழி. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களுக்கும் தமிழில் பெயருண்டு. யாழாசிரியனுக்கும் குழலாசிரியனுக்கும் வேண்டிய தகுதிகளைச் சிலப்பதிகாரம் வகுத்துரைக்கிறது. 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. இத்தகைய மரபுடைய நாட்டில், பன்னிரண்டாண்டுகள் அரசுப் பள்ளியிலேயே பயின்ற நான் ஓர் இசையாசிரியரைக் கண்டதில்லை!

இயற்பியல் மாணவனுக்கு இசை எதற்கு என நண்பர்கள் வினவலாம். சுரமானியில், இழுவிசை மாறாதிருக்க, கம்பியின் அதிரும் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகிறது. அதுவே மேல் சட்ஜம். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம், அதாவது இளி. இதை நான் சூத்திரத்தால் அறிந்தேன். செவியால் அறிய வாய்ப்பில்லை. எங்களூர்க் கோயில் நாதசுரக் கலைஞருக்கோ சூத்திரம் தெரியாது. சுரம் விரல் நுனியில் நிற்கிறது. இவ்விரு அறிவும் சந்திக்க வேண்டிய இடம் பள்ளியன்றோ? மிருதங்கத்தில் இடும் கருஞ்சாந்து அதன் மேல்சுரங்களை இசைவிக்கும் விந்தையைச் சர் சி. வி. இராமன் ஆராய்ந்தார். இசையறிந்த செவி அறிவியலுக்கும் துணையே.

வீழ்ச்சிக்குக் காரணம் யாது? பொதுத்தேர்வில் இசைக்கு மதிப்பெண் இல்லை. ஆகவே பாடவேளை இல்லை. பாடவேளை இல்லாததால் பணியிடமும் குறைவு. 2012-இல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் முதலியவற்றிற்குப் பகுதிநேர ஆசிரியர்களை அரசு அமர்த்தியது. வாரம் மூன்று அரைநாள் பணி, மாதம் 5,000 ரூபாய் ஊதியம். 2017-இல் சிறப்பாசிரியர் தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட 1,325 இடங்களுள் இசைக்குக் கிடைத்தவை 86 மட்டுமே. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடைபெறுவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் விதைக்காத வயலில் அறுவடை விழா எடுத்துப் பயனென்ன? வீட்டில் பாட்டு வாத்தியார் வைக்க வசதியுள்ள பிள்ளை கற்கும். கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வாசல் ஏது? என் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். பள்ளி திறந்த கதவின் அருமை எனக்குத் தெரியும்; ஆதலால் அது திறக்காத கதவின் இழப்பும் தெரிகிறது.

செய்யக்கூடியவை உள. அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகளுக்கு ஓர் இசையாசிரியரை முழுநேரமாக அமர்த்தலாம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பயின்றோரை அதற்குப் பயன்படுத்தலாம். ஊர்க் கலைஞரை மதிப்பூதியம் தந்து வாரமொருமுறை வகுப்பிற்கு அழைக்கலாம். நாளை ஆசிரியராகப் போகும் நம்முள் பலர் இதை நினைவிற் கொண்டால், முத்தமிழில் ஒன்று ஏட்டளவில் நில்லாது குழந்தைகளின் நாவிலும் வாழும்.